பைகள் போகிற நாள்

…இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஓரம் விரிந்து பொடி கொட்டியிருக்கும், அந்தப் பொடிதானே எல்லாம் செய்தது, என்று நினைத்துக்கொண்டே ஆபிதா பீவி சிப்பிக் காளான் கொத்தை அடியோடு திருகி எடுத்தாள். அவள் பறிக்கும் கடைசிக் கொத்து. மத்தியானம் முத்துராணி ஆட்டோவோடு வந்துவிடுவாள், காளான் வளர்ப்புப் பயிற்சிக்கு இருவரும் சேர்ந்து போனவர்கள், தொங்குகிற பைகளெல்லாம் இனி அவள் வீட்டுக்கு… ஈரம் காக்கத் தரையில் பரப்பிய மணலையும் அள்ள வேண்டும். இந்த அறையில்தானே கட்டில் போடுவதாக இருந்தது? மேலப்பாளையத்தில் இந்த வீட்டைக் கட்டும்போது ரியாத்திலிருந்து கணவர் ஷேக் மைதீன் போனில் சொல்வார், ஊருக்கு வந்ததும் அங்கன படுத்து நல்லா தூங்கணும்ட்டி, என்று. அவர் லீவுக்கு வந்துபோன மாதங்களைக் கூட்டினால் என்ன தேறும்… அறை பூட்டியே கிடந்தது. மகள் தஸ்மியாவைக் கட்டிக்கொடுத்த பிறகு, பேச ஆளில்லாமல் போன நாட்களில்தான் அவள் அதைத் திறந்தாள், வைக்கோலை வேகவைத்தாள், வித்துத் தூவிப் பை கட்டினாள். ஒரு காலையில் பையின் துளைகளில் குண்டூசித் தலை போல மொட்டுகள் எட்டிப் பார்த்தபோது, யா அல்லாஹ், என்று வாய்விட்டுச் சொன்னாளே, யாரிடம் சொன்னாள்?

கூடத்தில் அவர் இருமினார். இனிப் போகமாட்டேன் என்று வந்து இறங்கிய மாதமே தொடங்கிய இருமல். காளான் கொட்டும் பொடி இவர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஒன்று அது வீட்டில் இருக்க வேண்டும், இல்லை இவர் இருக்க வேண்டும் என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், பிறகு பஸ்ஸில் வரும்போதே பைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவள் முத்துராணிக்குப் போன் செய்தாள்… அடுப்படியில் சின்ன வெங்காயம் வதங்கியதும் காளானை நார் நாராகக் கிழித்துச் சட்டியில் போட்டாள், தண்ணீர் விட்டுச் சுருங்கியது, அத்தனை பெரிய கொத்து இவ்வளவுதானா. சோற்றுக்கு ஆணம் வைக்கலாம் என்று தேங்காய்ப்பாலை ஊற்றினாள். மிளகு தூக்கலாக இருந்தால் அவருக்குப் பிடிக்குமா, குறைவாகவா? கை அப்படியே நின்றது. எந்தப் பை எப்போது தண்ணீர் கேட்கும் என்று தெரிகிறது, இது தெரியவில்லையே…

"ஏட்டி ஆபிதா." மூக்கில் துண்டைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றார்.

"என்ன மச்சான்?"

"பையள குடுக்காண்டாம். நான் வேணா அம்பையில தம்பி வீட்ல இருந்துக்கிடுதேன். அப்பப்ப வந்துட்டுப் போறேன், என்ன?"

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும், தொண்டைவரை வந்தது, அதற்குள் மனசில் அந்த அறையின் காலை வெளிச்சம் தெரிந்தது, நனைத்த சாக்கிலிருந்து நீர் சொட்டும் சத்தம், வெள்ளை வெள்ளையாய் விரிந்த கொத்துகள், வீட்டில் வேறு யாரும் இல்லை… தேங்காய்ப்பால் பொங்கி மேலே வந்தது. அவசரமாகத் தீயைக் குறைத்தாள்.

"என்ன பேச்சு இது? நீங்க எங்கயும் போகாண்டாம்."

"சும்மாதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முத்துராணி வந்தாள். ஒவ்வொரு பையாக அவிழ்த்து இருவரும் ஆட்டோவுக்குக் கொண்டுபோக, வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவர் தெருக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்ணன்தான் வந்துட்டாவல்லா, இனி ஒங்களுக்குப் பொழுது போயிரும்க்கா," என்றாள் முத்துராணி. "ஆமா," என்றாள் ஆபிதா. இந்த முறை உடனே வந்துவிட்டது, கொஞ்சம் அதிகமாகவே உடனே. அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, குறை இல்லை. வந்த இடத்தில் தொந்தரவு கொடுத்துவிட்டோமே என்று கூசி நிற்கிற விருந்தாளியின் முகம்… அவர் கட்டிய வீடு இது, அதை அவரிடம் யார் சொல்வது, அவள்தானே சொல்ல வேண்டும், இப்போது சொன்னால் நம்புவாரா…