நாலு பக்கம், நானூறு எம்பி

வாய் கிழியப் பேசுகிறவன் நான். பேசவேண்டிய அன்றைக்கு மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவ?

ஆஸ்பத்திரி கணினிப் பிரிவில் எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே என் அண்ணிதான். அவர் அங்கே பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் அச்சிட்டுக் கொடுப்பவர். ஆறு வருடமாகத் தற்காலிகம். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, எழுத்தெல்லாம் உடைஞ்சு வருதுப்பா. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். வர்றவங்க என்னத்தான் திட்டுறாங்க."

பிரிண்டருக்கும் மொழி உண்டு. ஒழுங்கான மொழி என்றால், 'இந்த எழுத்தை இந்த இடத்தில் போடு' என்று கணினி சொல்லி அனுப்பும். கோப்பு சின்னதாகப் போய்விடும். அந்த மொழிக்கு நம் எழுத்து பிடிபடவில்லை. அதனால் பக்கம் முழுவதையும் கலர்ப் படமாக்கி, புள்ளி புள்ளியாக அனுப்புகிற வேறொரு டிரைவர் மென்பொருளை அண்ணியின் கணினியில் மட்டும் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எழுத்து முத்து முத்தாக வந்தது. "கைராசிக்காரன்டா நீ" என்றார். கோப்பு எவ்வளவு வீங்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. புத்தி புல் மேயப் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரியின் அச்சு வேலை மொத்தமும் போய்ச் சேருகிற பிரிண்ட் சர்வர் நிரம்பி நின்றுவிட்டது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களின் ரிப்போர்ட்கூட வரவில்லை. எங்கள் மேலாளரை ஸ்டேப்ளர் என்போம். யாரையாவது எதிலாவது குத்திவைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. யார் அதிகம் அச்சிட்டது என்று பட்டியல் கேட்டார். பார்க்காமலேயே எடுத்துக் கொடுத்தேன்.

முதல் வரியில் அண்ணியின் பெயர். பக்கக் கணக்கு அதில் இல்லை, கோப்பின் அளவு மட்டும்தான், மெகாபைட்டில்.

"ஒரே தடவைல நானூறு எம்பியா? இந்தம்மா புத்தகமே அடிச்சிருக்கும் போல" என்றார் ஸ்டேப்ளர்.

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. 'வெறும் நாலு பக்க ரிப்போர்ட் சார், ஊதிப் பெருக்கினது நான் போட்ட டிரைவர்' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் நானும் இன்னும் நிரந்தரமாகவில்லை. "பாத்துச் சொல்றேன் சார்" என்று நழுவினேன். என் அறைக்கு வந்து செய்த முதல் வேலை, அந்த டிரைவரைச் சத்தமில்லாமல் எடுத்தது. திருட்டுப்பயல்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணி ஆஸ்பத்திரிக் கோட்டைத் துவைத்துப் பிழிந்துகொண்டிருந்தார்.

"வேலைதான் போச்சே, இதத் திருப்பிக் குடுக்கணும்ல" என்றார். "ஒண்ணு நீங்க தப்பு, இல்ல லிஸ்ட் குடுத்தவன் தப்பு, எதுன்னு உங்க மேனேஜர் கேட்டாரு. நீ குடுத்த லிஸ்ட்ல தப்பு வருமா? எனக்குத்தான் கம்ப்யூட்டர்னா அரைகுறை, எதையாவது அமுக்கியிருப்பேன். சொந்த வேலைக்கு அடிச்சேன்னு எழுதிக் குடுத்துட்டேன். உன் பேரு கெட்டா உங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"அண்ணி, லிஸ்ட் சரிதான். தப்பு நான்."

டிரைவர், படம், புள்ளி, எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"காலையிலயே."

"நான் கையெழுத்துப் போட்டது மூணு மணிக்கு" என்றார் அண்ணி.