பிரண்டைக்கு ஒரு சாண் மண்

சிங்கப்பூரில், புக்கிட் மேரா அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில், மங்களத்தின் பிரண்டை ஒரு பிஸ்கட் டின்னில் குடியிருந்தது. குடியிருந்தது என்று மரியாதைக்குச் சொல்லலாம். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் சாதி அது. வந்த சில மாதங்களில் கம்பியில் ஏறி, நடைபாதையைத் தாண்டி, பக்கத்து வீட்டு ரஷீதாவின் துணி காயும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா, என் சாரோங்க அதுகிட்டேர்ந்து பிடுங்குறதுக்குள்ள கிழிஞ்சே போச்சுலா” என்றாள் ரஷீதா. கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மகன் பாலகிருஷ்ணன் சிரிக்கவில்லை. “ஹவுசிங் போர்டு ஆபீசர் பாத்துட்டுப் போயிட்டாரும்மா. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்துடணுமாம். அப்பா திதிக்குத் துவையல் வேணும்னா பிரண்டையத் தேக்கா மார்க்கெட்டுல வாங்கிக்கலாம்லா.”

வாங்கலாம்தான். ஆனால் இது அவள் கணவர் வேலாயுதம் தம் கையால் வைத்தது. தேக்காவுக்குப் பின்னால், கால்வாய் ஓரத்துத் தகரக் கூரை வீட்டில் அதை வேலியெல்லாம் ஏற்றிவிட்டு, துவையலை விரல் நக்கிச் சாப்பிட்ட மனிதர். அவர் போய்ச் சேர்ந்த ஆறாம் மாதம், வீடுகளை இடிக்கப் போவதாகச் சொல்லி எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். அவர் வளர்த்ததை புல்டோசர் நசுக்குவதா? அதற்குப் பதில் என் கையாலேயே போகட்டும் என்று, வெட்டுக்கத்தியை எடுத்துக் கொடியைக் கணுக் கணுவாக நறுக்கி, அழுதுகொண்டே வாசலெங்கும் வீசினாள் மங்களம். சாறு பட்ட உள்ளங்கை அரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு துண்டை மட்டும் டின்னில் ஊன்றிக் கொண்டுவந்தாள். அவளுக்கு அவர் என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

அதற்கு இடம் தேடி அலைந்தாள். கட்டடத்தின் கீழே புல்வெட்டுகிறவன் எதையும் விட்டுவைப்பதில்லை. ரஷீதாவின் அண்ணன் கடைக்குப் பின்னால் ஒரே சிமெண்டு. கோயிலில் கேட்டாள். “இது ஏறினா என் நந்தியாவட்டை என்னம்மா ஆகும்?” என்று குருக்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இத்தனை பெரிய ஊரில் ஒரு சாண் மண் இல்லை.

சனிக்கிழமை கால்வாய் ஓரத்து நினைவு வந்தது. அங்கே இன்னும் எதுவும் கட்டவில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். டின்னை ரஷீதா கையில் பிடித்துக்கொள்ள, இருவரும் பஸ் ஏறினார்கள்.

வரிசை வரிசையாக வீடுகள் இருந்த இடம் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. யார் வீடு எது என்று அடையாளமே இல்லை. ஆனால் நடுவில் ஒரே ஓர் இடம் மட்டும் பச்சையாக இருந்தது.

மங்களம் கிட்டே போனாள். அவர்கள் வீட்டு வாசல்படி. அதன்மேல் பிரண்டை. உடைந்த தகரத்தின்மேல் பிரண்டை. குளியலறைக் குழாயில் சுற்றி ஏறி, பிடிக்க மேலே ஒன்றுமில்லாமல் காற்றில் சுருளை நீட்டிக்கொண்டு நின்றது பிரண்டை. அவள் நறுக்கி எறிந்த துண்டுகளை புல்டோசர் மண்ணுக்குள் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டு, சமையற்கட்டு, கூடம், அவர் படுத்திருந்த மூலை என்று வீடு முழுவதையும் அது எடுத்துக்கொண்டுவிட்டது. கொல்வதாக நினைத்து அவள் விதைத்திருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தாள்.

“அக்கா, இத எங்க நடணும்?” டின்னோடு நின்ற ரஷீதாவின் குரல் தணிந்திருந்தது.

மங்களம் குனிந்து, திதிக்கென்று ஓர் இளங்கொழுந்தை ஒடித்தாள். உள்ளங்கை அரிக்கத் தொடங்கியது. சாற்றை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“எங்க வேணா வை, ரஷீதா. நாங்கதான் போனோம். இந்த மனுஷன் வீட்டக் காலி பண்ணவே இல்ல.”