துறவி நண்டுக்கு ஒரு சங்கு போதும்

என் அண்ணன் எல்லாவற்றையும் துறந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும்தான் இருந்தது. "எனக்கு ஒரு மூலை போதும்டா," என்றார். அவர் துறந்தவை மறுநாள் வேனில் வந்து இறங்கின: சுழல் நாற்காலி, மூன்று விளக்குகள், மைக், ஆளுயரக் கண்ணாடி, ‘எதுவும் எனதன்று’ என்று அவரே எழுதி அவரே வெளியிட்ட நூலின் நானூறு பிரதிகள். அவருக்குப் போதுமான மூலைக்கு நான்கு சுவர்களும் ஒரு ஜன்னலும் தேவைப்பட்டன. அப்படி ஒரு மூலை எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதில் என் மனைவி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

"ரெண்டே நாள்," என்றேன் அவளிடம்.

"ரெண்டு நாளா? உள்ள போய்ப் பாருங்க. கண்ணாடி மாட்ட ஆணி அடிச்சிட்டு இருக்கார்."

அவள் மெய்ப்புத் திருத்துபவள். ஏழு வருடமாக ஒரு பேரகராதி அவள் கை வழியாக அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டிய வேலை. அறையில் மின்விசிறிக் காற்று அவள் மேசையில் படாது; இப்போது வேலை சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. மின்விசிறியைப் போட்டால் தாள் பறந்தது. நிறுத்தினால் வியர்வை சொட்டி மை கலைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் கண்ணாடி முன் நின்று சொற்பொழிவுக்கு ஒத்திகை பார்த்தார். "துறவு! துறவு என்றால் என்ன?" என்று அவர் நாளைக்கு நாற்பது தடவை கேட்டதில், ‘திறவுகோல்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘துறவுகோல்’ என்று இருந்தது அவள் கண்ணுக்குத் தப்பாகவே படவில்லை. அச்சகத்தின் கண்ணுக்குப் பட்டது.

"அடுத்த கட்டுலயும் இப்படி வந்தா நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்மா," என்று பதிப்பாசிரியர் போனில் மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே திருத்தினாள்.

"என் ரூம் எனக்கு வேணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன்," என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். நான் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. வீட்டில் என்னை எடுக்க ஆளில்லை.

ஒருநாள் காலை அவள் ‘து’ வரிசையை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். "துறவி நண்டு..." என்று ஆரம்பித்ததும் அறைக் கதவு திறந்தது.

"என்ன சொன்னே? துறவி நண்டா?"

"ஆமா அத்தான். கடல்ல இருக்குமாம். பொருள் என்னன்னா..."

அண்ணன் விரலை உயர்த்தினார். கூட்டத்தில் கேள்வி கேட்பவர்களை உட்காரவைக்கும் விரல் அது. "பொருள் வேண்டாம்மா. பெயரே போதும். நண்டுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு! மனுஷனுக்குத் தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அடுத்த மாசம் பேசறேன்ல, ‘வீடு பேறு’ன்னு? அதுக்கு எனக்குப் பின்னாடி ஒரு தொட்டி. அதுல நாலு துறவி. ஏற்பாடு பண்ணு."

அகராதிக்காரர்கள் மெனக்கெட்டு எழுதிய மூன்று வரி விளக்கத்தை இந்த வீட்டில் ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"தொட்டின்னா அதே ரூம்லயா?" என்று மனைவி என்னைக் கேட்டாள். நான் சட்டையைத் தேடினேன்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் அதிகம் பேசாதவர். பேசினால் ஆளை விடாதவர். அண்ணனும் கூட வந்திருந்தார்.

"உப்புத் தண்ணிதானே? வீட்டு உப்பே கிலோ கணக்குல இருக்கு," என்றார் அண்ணன்.

"அது முட்டைக்குத் தொட்டுக்க. இதுக்குக் கடல் உப்புக் கலவைன்னு தனியா இருக்கு. குழாத் தண்ணியும் ஆகாது, வடிகட்டுன தண்ணிதான். தொட்டிய சோப்புப் போட்டுக் கழுவாதீங்க. மணல் விரிச்சு, நாலு கல்லு வச்சு, தண்ணிய விட்டு, வடிகட்டி மோட்டாரப் போட்டுட்டு ஆறு வாரம் கழிச்சு வாங்க."

"ஆறு வாரமா? எதுக்கு?"

"அழுக்க அரிச்சுத் திங்கற கிருமி கல்லுலயும் மணல்லயும் வளரணும். அது வளராம நண்டை விட்டா நண்டு செத்துரும்."

"அதுவரைக்கும் வெறும் தண்ணியையா பாத்துக்கிட்டு இருக்கறது?"

"பொறுமை வேணும்ங்க," என்றார் கடைக்காரர். பொறுமையைப் பற்றி மட்டும் பதினொரு காணொளி வெளியிட்டிருக்கும் என் அண்ணன் அவரை முறைத்தார்.

கிளம்பும்போது கடைக்காரர் ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே பத்துக் காலிச் சங்குகள். "வேகவச்சு சுத்தம் பண்ணது. தொட்டியில போட்டு வைங்க. சைஸ் சைஸா இருக்கணும்."

"நண்டு சங்கோடதானே வருது? அப்புறம் இது எதுக்கு?"

"மாத்திக்கறதுக்கு."

அண்ணன் கடை அதிரச் சிரித்தார். "துறவிக்கு மாத்து வீடா! ஆளுக்கு ஒரு சங்கு, அவ்வளவுதான். இத நீ எடுத்துட்டுப் போடா தம்பி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் பொட்டலத்தைப் பார்த்தேன். அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. மனைவி பத்துச் சங்கையும் தாள்களின் மேல் வரிசையாக வைத்து மின்விசிறியைப் போட்டாள். மூன்று வாரத்தில் முதல் முறையாக வீட்டில் ஒரு பொருள் பயன்பட்டது.

ஆறு வாரம் ஓடியது என்று சொல்வது வழக்கம்; எங்கள் வீட்டில் அது நொண்டியது. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு நான் தினமும் நல்ல தண்ணீர் ஊற்றினேன். உப்பு ஆவியாகாது என்பதால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பின் அளவைக் காட்டும் கருவியில் முள் 1.024-இல் நிற்கிறதா என்று மனைவி பார்த்தாள். அந்தச் சாக்கில்தான் அவள் தன் அறைக்குள் போகமுடிந்தது. அண்ணன் மணிக்கு ஒரு தரம் தொட்டியைத் தட்டி, "என்னடா, கிருமி வளந்துச்சா?" என்றார். மனைவி ‘ந’ வரிசைக்கு வந்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் முழுக்கட்டும் போயாக வேண்டும். ஒரே பக்கத்தை மூன்று தடவை பார்த்துவிட்டு, நாலாவது தடவை என்னைப் பார்க்கச் சொன்னாள். என் எழுத்தறிவு லிஃப்ட் பட்டனோடு சரி.

"சொன்னீங்களா?"

"நண்டு வரட்டும். அந்த சந்தோஷத்துல இருக்கும்போது சொல்றேன்."

சொற்பொழிவுக்கு முந்தைய நாள் நாலு நண்டுகள் வந்தன. தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, இரண்டு மணி நேரம் பழக்கி உள்ளே விட்டேன். துறவிகள் இறங்கிய நிமிடத்திலிருந்து ஓயவில்லை. ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி, அடுத்தவன் சங்கின் வாயைக் கொடுக்கால் அளந்து, உள்ளே விட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, வாடகைக்கு வீடு தேடும் குடும்பம் மாதிரி அலைந்தன. நாலில் பெரியதற்குச் சங்கு பத்தவில்லை. பாதி உடம்பு வெளியே கிடந்தது. ஒன்றின் சங்கில் ஒரு பக்கம் உடைந்திருந்தது. இருப்பதிலேயே சின்னதுக்குத்தான் நல்ல விசாலமான சங்கு.

மனைவி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "அந்தப் பெருசு சின்னதையே சுத்திட்டு இருக்கு."

"பாசம்மா," என்றார் அண்ணன்.

மறுநாள் காலை பத்து மணி. மூன்று விளக்குகளும் எரிய, முன்னூறு பேர் நேரலையில் பார்க்க, அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். நான் கேமராவுக்குப் பின்னால் நின்றேன். மனைவி கதவருகே, கையில் ‘ந’ தாள்களும் அவற்றின் மேல் ஒரு சங்குமாக.

"வீடு என்றால் செங்கல் வைத்துக் கட்டுகிற வீடு அன்று," என்று ஆரம்பித்தார். "விடுதலே வீடு! எனக்குப் பின்னே பாருங்கள். இந்தத் துறவிகளுக்கு அடுத்தவர் பொருள் மீது ஆசை உண்டா?"

பெரியது அந்த நேரத்தில் சின்னதன் சங்கைப் பிடித்து மடார் மடார் என்று இடித்துக்கொண்டிருந்தது.

"போட்டி உண்டா?"

கொடுக்கை உள்ளே விட்டுச் சின்னதை உருவி வெளியே போட்டது. ஒரு காலால் பழைய சங்கைப் பிடித்தபடியே புதுச் சங்குக்குள் புகுந்து, அசைந்து பார்த்து, வசதி என்று தெரிந்தபின் பழையதை விட்டது. அதற்குள் உடைசல் சங்குக்காரன் ஓடிவந்து பழையதில் ஏறிக்கொண்டான்.

திரையில் வரிகள் மளமளவென்று விழுந்தன. ‘ஐயா, பின்னாடி பாருங்க.’ ‘ஐயா, பெரிய துறவி வீடு பெற்றுவிட்டார்.’ ‘சின்னத் துறவியைக் காலி பண்ண வச்சுட்டாங்க.’ அண்ணன் அவற்றைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

சின்னது மணலில் கிடந்தது. சங்கில்லாத துறவி நண்டை நான் அதுவரை பார்த்ததில்லை. பின்பாதி தோலுரித்த விரல் போல, வளைந்து, எதையும் மறைக்க வழியில்லாமல். உடைந்த சங்குக்குள் நுழையப் பார்த்து முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது. நாலாவது நண்டு அதை நோக்கி நடந்தது.

மனைவி உள்ளே போனாள். நான் கையை நீட்டினேன். நிறுத்தவா, வழிவிடவா என்று எனக்கே தெரியாது. கீழே இருந்த உப்புத் தண்ணீர் வாளியில் சங்கை அலசி, அண்ணனின் தோளுக்கு மேலாகக் கையை விட்டு, சின்னதன் அருகில் வைத்தாள். அது ஒரு தரம் தொட்டது. சரக்கென்று உள்ளே போனது.

"என்னம்மா இது?" என்றார் அண்ணன். மைக் திறந்தே இருந்தது.

"சின்னதோட இடத்தப் பெருசு எடுத்துக்கிச்சு அத்தான். அதுக்கு இருக்க இடம் இல்ல." ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, "அகராதியில போட்டிருந்துச்சு. அன்னிக்கு நீங்கதான் கேக்கல," என்றாள்.

மைக் எல்லாவற்றையும் முன்னூறு பேருக்கும் சொன்னது.

மாலைக்குள் அண்ணனின் பக்தர் ஒருவர், அடுக்குமாடிக்குச் சொந்தக்காரர், போன் செய்தார். மைக்கில் கேட்டதை வைத்துக் கணக்குப் போட்டாராம்; ஐயா யாருடைய அறையிலோ ஒண்டிக்கொண்டிருப்பது அவருக்குப் பொறுக்கவில்லையாம். ஆறாம் மாடி காலியாக இருக்கிறதாம்.

"எனக்கு எதுக்குங்க மாடியெல்லாம்," என்றார் அண்ணன். பிறகு, "எத்தனை ரூம்?" என்றார். பிறகு முகம் விழுந்தது. "லிஃப்ட் ஓடலயா? ஒரு மாசமாவா? என் முட்டிக்கு ஆறு மாடி ஆகாதே. பரவாயில்ல, தம்பி வீடே போதும் எனக்கு."

மனைவி என்னைப் பார்த்தாள். ‘சொன்னீங்களா’ என்று கேட்கவில்லை.

நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்கு எனக்கு விடுமுறை. அந்த அடுக்குமாடி லிஃப்டில், கதவு மூடியதைக் காட்டும் மின் தொடுப்பு தேய்ந்திருந்தது. மாற்றி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மாடியிலும் நிறுத்திப் பார்த்தேன். என் வாழ்நாளில் எந்த லிஃப்டையும் அவ்வளவு பயபக்தியோடு பழுது பார்த்ததில்லை.

மறுநாள் காலை அண்ணன், "ரெண்டே நாள் இருந்து பாத்துட்டு வரேன்," என்று வெறுங்கையோடு கிளம்பினார். துணிப்பை அறையில் ஆணியில் தொங்கியது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "பெருசும் இப்படித்தான். புதுசு பத்துதான்னு தெரியற வரைக்கும் பழசுல ஒரு கால வச்சிருந்துச்சு."

பையை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்டுக்குள் பையை வைத்து, ஆறை அழுத்தி, கதவு மூடுவதற்குள் வெளியே வந்து நின்றேன். மேலே எண்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"என்னடா, என் பை மட்டும் தனியா வந்திருக்கு?"

"ஆமாண்ணே," என்றேன். "அது இனிமே அங்கதான். மிச்சமெல்லாம் நாளைக்கு வேன்ல வரும்."

வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசை காலியாக இருந்தது, ஒன்பது சங்குகளைத் தவிர. அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன்.

"உள்ள வராதீங்க, ‘நொ’வுல இருக்கேன்," என்றாள். பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. "அந்த மிச்ச சங்கையெல்லாம் கழுவிக் கொண்டாங்க, தொட்டியில போட்டுடலாம். எனக்கு இனி வேணாம். இங்க தாள் பறக்காது."