அடுப்பு பற்ற வைக்காத விருந்து

கன்றின் தலை வரவேண்டிய வழியில் பின்னங்கால் ஒன்று எட்டிப் பார்த்ததும் மாலதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே அந்த ஊரில் மாட்டு வைத்தியம் தெரியும் என்று பேர் வாங்கியவர்கள் நாலு பேர் வந்து, நாலு விதமாக உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். கொட்டகை வேலை பார்க்கும் அம்சம்தான் கடைசியில், "கவர்மெண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்திருக்காங்க, போன் போடுங்கம்மா" என்றாள்.

அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் கயல்விழி. முப்பது வயதுகூட இருக்காது. தோள்வரைக்கும் கையுறையை மாட்டிக்கொண்டு சாணியிலும் மூத்திரத்திலும் மண்டியிட்டவள், ஒன்றேகால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை மாலதியிடமே கொடுத்து, "இழுங்கம்மா... போதும், நிறுத்துங்க... இப்ப இழுங்க" என்று வேலை வாங்கினாள். கிடேரிக் கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்தது. பசுவும் பிழைத்தது.

மாலதி அழுதே விட்டாள். டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை வந்தால் மட்டும் பீரோவிலிருந்து இறங்கும் வெள்ளி டம்ளரில் காப்பி ஆற்றிக் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுலதாம்மா சாப்பாடு" என்றார் அவள் கணவர் சாரங்கபாணி.

"வரலைன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்" என்றாள் மாலதி.

இரண்டு நாள் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. என்ன பொறுமை, என்ன கைராசி! தன் தம்பி மகனுக்குப் பார்த்தால் என்ன என்றுகூட ஒரு யோசனை ஓடியது. சொந்த ஊர் கீழ்வேளூர்ப் பக்கம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அங்கேதான் நாத்தனார் வள்ளியம்மை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். புதன்கிழமை போன் போட்டு, "அண்ணி, ஒரு பொண்ணப் பத்தி விசாரிக்கணும்" என்றாள் மாலதி.

விசாரிப்பதில் வள்ளியம்மைக்குப் போலீஸ் பிச்சை வாங்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"அடி பைத்தியமே! அது ரெத்தினம் மக. எங்க மாமனார் வயல்ல கதிர் அறுத்தானே, அந்த ரெத்தினம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கமேதான்."

மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. மாலதி போனை வைத்துவிட்டு வெள்ளி டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள். அது மேசைமேல் இருந்தது. பிடிக்க வாகாக இருக்கிறது என்று சொல்லி, இரண்டு நாளாகச் சாரங்கபாணி அதில்தான் காப்பி குடிக்கிறார். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போனது போனதுதான், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மாலதிக்கு யார்மேலும் வெறுப்புக் கிடையாது. இதை அவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள். பதினோரு வருஷமாக வேலை பார்க்கும் அம்சத்துக்குப் பொங்கலுக்குப் பொங்கல் சேலை எடுத்துக் கொடுக்கிறாள். கொல்லைச் சுவரில் அம்சத்துக்கென்று தனியாக ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்திருப்பதுகூட, தாகம் எடுத்தால் அவள் டம்ளரைத் தேடி அலையக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில்தான்.

ஆனால் டாக்டரைக் கொல்லையில் உட்கார வைக்க முடியாது. கூடத்தில் உட்கார வைத்து வீட்டுத் தட்டில் சோறு போட்டால், தட்டைப் பிறகு என்ன செய்வது? வா வா என்று வருந்தி அழைத்துவிட்டு, வராதே என்றும் சொல்ல முடியாது. அடுத்த ஈற்று, அடுத்த காய்ச்சல் என்று பசு அந்தக் கையைத்தானே நம்பி இருக்கிறது! இரண்டு நாள் மாலதிக்குச் சரியான தூக்கம் இல்லை.

வழி பெங்களூரிலிருந்து வந்தது. மகள் பூர்ணிமா வெள்ளிக்கிழமை வீடியோவில் பேசினாள்.

"அக்னி நட்சத்திரத்துல போயி அடுப்படியில வேகாதம்மா. தர்பூசணி, வெள்ளரி, கொஞ்சம் சீஸ், புதினா, எலுமிச்சை. கலந்தா சாலட். அடுப்பே வேணாம், பத்து நிமிஷம். பேப்பர் தட்டுல வெச்சு நீட்டு. இங்க பெரிய பெரிய வீட்டுலயே அப்படித்தான்."

மாலதிக்கு ஒவ்வொரு வார்த்தையும் தேனாகப் பாய்ந்தது. வெந்த சோற்றில்தானே எல்லாச் சங்கடமும்? கொடியில் காய்த்த பழத்துக்கு ஏது தீட்டு? பேப்பர் தட்டு, நேராகக் குப்பைக்குப் போய்விடும். யாரும் வாய் திறக்க முடியாது, ஏனென்றால் இது நாகரிகம். தலைமுறை தலைமுறையாகப் பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை, என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பெங்களூர்ப் பெண் தீர்த்து வைத்துவிட்டது.

சனிக்கிழமை சாரங்கபாணி தஞ்சாவூருக்கு விரட்டப்பட்டார். மூன்று கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில் உப்புத் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதற்கு ஃபெட்டா என்று பெயர். மாலதி மோந்து பார்த்தாள். ஆட்டுப் பட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது.

"கெட்டுப்போனதக் கட்டிக் குடுத்துட்டானா?"

"அதோட வாசனையே அப்படித்தானாம். கடைக்காரப் பையன் சத்தியம் பண்ணுறான்."

பத்து நிமிஷச் சாலட் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. நெய்னா முகம்மது கடையில் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிய இரண்டு தர்பூசணி கொல்லைக்குப் போயின. பழத்துக்குத் தீட்டு இல்லை என்று முடிவாகிவிட்டபடியால், விதை பொறுக்கும் வேலை அம்சத்திடம் போயிற்று. இரண்டு மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஊசி முனையால் பொறுக்கினாள்.

"இதத் துப்பித் துப்பித் தின்னா என்னம்மா?" என்று கேட்டாள்.

"டாக்டருக்குடி. படிச்சவங்க துப்ப மாட்டாங்க."

"டாக்டரம்மாவுக்கா? அப்ப கறி, குழம்பு ஒண்ணும் இல்லையா?"

"இந்த வெயிலுக்கு அதெல்லாம் ஆகாது" என்றாள் மாலதி. அம்சம் அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி விதை பொறுக்கினாள்.

சீஸிலேயே உப்பு இருக்கிறது, வேறு போடாதே என்று பூர்ணிமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்தவளுக்கு அது மனசு கேட்குமா? எல்லாவற்றையும் ஒரு பேசினில் கொட்டி, இரண்டு கரண்டி உப்பும் போட்டுக் கிளறி, நன்றாக ஊறட்டும் என்று ஒன்பதரை மணிக்கே மூடி வைத்தாள்.

ஒரு மணிக்குக் கயல்விழி வந்தாள். விடியற்காலையிலிருந்து தடுப்பூசி முகாம். முகத்தில் பசி தெரிந்தது. "காலையில டீயோட சரிம்மா. உங்க வீட்டுச் சாப்பாட்ட நம்பித்தான் வந்திருக்கேன்" என்று சிரித்தபடி கூடத்தில் உட்கார்ந்தாள். சாரங்கபாணியும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டினார். ஒரு தாளிப்பு வாசனையும் வரவில்லை.

மாலதி பேசினைத் திறந்தாள். ஊறியிருந்தது. மூன்றரை மணி நேர உப்பில் தர்பூசணி தன் தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டுச் சுருண்டு கிடந்தது. சீஸ் கரைந்து, தண்ணீர் பல் தேய்த்துக் கொப்பளித்த மாதிரி இளஞ்சிவப்பாக நுரைத்தது. மேலே நாலு புதினா இலை, வெள்ளத்தில் போகும் வாழைச் சருகாக மிதந்தன. வேறு வழியில்லை. பேப்பர் தட்டுகளில் அள்ளி வைத்துக் கொண்டு வந்தாள். எல்லாருக்கும் பேப்பர் தட்டு. அதில்தான் அவளுடைய சாமர்த்தியமே இருந்தது.

அந்தச் சாமர்த்தியத்தைப் பற்றிச் சாரங்கபாணிக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

"என்னடி இது? என் தட்டு எங்க?"

"இது சாலட்டுங்க. இப்படித்தான் சாப்பிடணும்."

"சரி, சோறு எப்ப வரும்?"

"இன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலைங்க" என்றாள் மாலதி, பல்லைக் கடித்துச் சிரித்தபடி.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. விருந்தாளி முன்னால் அதைக் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை. உபசாரத்திலாவது குறை வைக்கக் கூடாதென்று, "டாக்டருக்குத் தண்ணி குடு. அன்னைக்குக் காப்பி குடுத்தியே, அந்த வெள்ளி டம்ளர்ல கொண்டா" என்றார்.

மாலதி பேப்பர் கப்பில் கொண்டு வந்தாள். "டம்ளர் பாலீஷ் போடப் போயிருக்குங்க."

"பாலீஷா? காலையில அதுலதானே நான் காப்பி குடிச்சேன்!"

அந்த நேரம் பார்த்து அவர் கையிலிருந்த தட்டு நடுவில் நெகிழ்ந்து, சிவப்புத் தண்ணீர் மொத்தமும் வெள்ளை வேட்டியில் இறங்கியது. அவர் அலறிக்கொண்டு எழுந்தார்.

கயல்விழி சிரிக்கவில்லை. கையில் இருந்த தட்டைப் பார்த்தாள், கப்பைப் பார்த்தாள், கொல்லை வாசலில் நின்ற அம்சத்தைப் பார்த்தாள். அதிர்ந்த மாதிரித் தெரியவில்லை. இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை, சாலட் மட்டும்தான் புதிது என்பதுபோல் இருந்தது முகம். தட்டில் இருந்ததை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டாள். மாலதியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்லா இருந்துச்சும்மா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்று எழுந்தாள். "தட்ட எங்க போடணும்?"

மாலதி வாசல் வாளியைக் காட்டினாள்.

டாக்டர் நேரே கொட்டகைக்குப் போனாள். பசுவின் மடியைத் தொட்டுப் பார்த்து, கன்றின் தொப்புளுக்கு மருந்து தடவினாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றிய அம்சம் மெதுவாக, "நம்ம வீட்டுல நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு இருக்கு டாக்டரம்மா. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போலாமே" என்றாள்.

"ஏறுங்கக்கா வண்டியில. பசி உயிர் போகுது!"

சமையலறை வரைக்கும் கேட்கும்படியாகத்தான் அதைச் சொன்னாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அம்சம் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, பட்டப்பகலில் மேலத்தெரு முழுக்கப் பார்க்கப் போனாள்.

மாலதிக்கு வந்தது வெட்கம் இல்லை, கோபம். "நம்ம வீட்டுக்கு விருந்துக்கு வந்துட்டு வேலைக்காரி வீட்டுல போய்ச் சாப்பிட்டா என்ன அர்த்தம்? நம்மள அவமானப்படுத்துறதுதானே?"

"மொதல்ல உலை வை" என்றார் சாரங்கபாணி, வேட்டியைப் பிழிந்தபடி.

மறுநாளே ஊர் பேசத் தொடங்கியது. அம்சம் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை, நடந்ததை மட்டும்தான் சொன்னாள். 'ஒரு பசுவையும் கன்னையும் பொழைக்க வெச்ச டாக்டருக்கு ஒரு பிடி சோறு போடலையாம். தர்பூசணியக் கழுவி ஊத்தினாங்களாம்.' ரேஷன் கடை வரிசையில் அதற்கு மூக்கும் முழியும் வந்தது. மாலதிக்கு ஒரே நாளில் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று பட்டம் கிடைத்தது.

உண்மைக் காரணத்தைச் சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் யாரிடம் சொல்வது? படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். போலீஸ் கேட்டால் சிரிக்காது. அம்சம் கேட்டாலோ, மறுநாள் சாணி அள்ள ஆள் இருக்காது.

பதினைந்து நாள் கழித்து ஒரத்தநாட்டில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. பந்தியில் மாலதிக்குப் பக்கத்தில், காரணம் தெரிந்த ஒரே ஆளான வள்ளியம்மை உட்கார்ந்திருந்தாள். எதிர்வரிசையில் இருந்த ஒருத்தி புளியோதரையைப் பிசைந்துகொண்டே சத்தமாகக் கேட்டாள்:

"ஏன் மாலதி, டாக்டருக்குச் சோறு போடாம வெறும் பழத்தக் குடுத்து அனுப்பிட்டியாமே, நெசமாவா?"

இரண்டு வரிசையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. வள்ளியம்மை குனிந்த தலை நிமிராமல் அப்பளத்தை நொறுக்கினாள்.

மாலதி ஒரு கணம் யோசித்தாள். பிறகு முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு, "என்னக்கா செய்யுறது? அரிசி விக்கிற விலையில யாருக்குத்தான் சோறு போட முடியுது?" என்றாள்.

பந்தி கொல்லென்று சிரித்தது. பதினைந்து ஏக்கர் நஞ்சைக்காரி, கூடத்தில் நாற்பது மூட்டை சம்பா நெல்லை அடுக்கி வைத்துவிட்டு அரிசி விலை பேசினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. மாலதியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கஞ்சப்பிசினாறி என்ற பெயர் அன்றைக்கு அவளுக்கு நிலைத்தது. அவளும் பேசாமல் அதை வைத்துக்கொண்டாள்.