துப்பாக்கி பிடித்தவர்கள்

சங்கம் பிறந்தது வெல்டரின் பட்டறையில். நாற்காலி கிடையாது, போரிலிருந்து உயிரோடு வந்த ஆறு பேரும் கவிழ்த்துப் போட்ட டிரம்களின் மேல் உட்கார்ந்தார்கள். மலையை விட்டுப் பின்வாங்கியபோது செத்தவர்களைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். அது ஒவ்வொருத்தன் நெஞ்சிலும் முள்ளாய்க் கிடந்தது. இனி நம்மில் எவன் செத்தாலும் நம் தோளில்தான் போகணும், கூலிக்கு ஆள் பிடித்துத் தூக்கக் கூடாது என்று பேசி முடித்தார்கள். சங்கத்துக்கு அன்றைக்கு வேறு சட்டமும் இல்லை, கொள்கையும் இல்லை.

ஆறாவது ஆள் அண்டா. படையில் சமையல்காரர். குண்டு விழுகிற நேரத்திலும் சோற்று அண்டாவை முதுகில் கட்டிக்கொண்டு பதுங்குகுழிக்குத் தவழ்ந்து வருவார். ஒருமுறை அண்டாவே ஓட்டையாகிவிட்டது. "உள்ள குண்டு கிடக்கும்யா, பார்த்து மெல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார். வெல்டரின் கால் சிதைந்த அன்று அந்த அண்டாவைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே முதுகில் வெல்டரைச் சுமந்துகொண்டு கீழே இறங்கியவரும் அவர்தான்.

ஒவ்வொரு சாவுக்கும் சங்கம் வளர்ந்தது. சீருடை தேய்ந்த கிழவர்கள் ஒரே காலடியாய்ச் சவப்பெட்டியைத் தூக்கிப் போவதைக் கண்டு தெருவே எழுந்து நின்றது. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வாசம் பிடித்துக்கொண்டு தார்ப்பாய்க்காரரும் வந்தார். போர்க்காலத்தில் படைக்குக் கூடாரத் துணி விற்றுக் கொழுத்த ஒப்பந்தக்காரர் அவர். அவர் விற்ற துணி முதல் மழைக்கே சல்லடையாய் ஒழுகியது. நனைந்து காய்ச்சல் கண்டு செத்தவர்கள் எத்தனையோ பேர். அவர் இப்போது சங்கத்துக்கு மனை தருகிறாராம், உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் போதுமாம்.

கூட்டத்தில் வெல்டர் எழுந்தார். "துப்பாக்கி பிடிச்சவன் மட்டும்தான் இங்க உறுப்பினர். மத்தவன் எவனா இருந்தாலும் வாசலோட சரி."

அத்தனை கையும் மேலே போனது. மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்டாவும் கெட்டிலை வைத்துவிட்டுக் கையைத் தூக்கினார். தார்ப்பாய்க்காரரின் மூக்கை அறுத்த சந்தோஷத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் அண்டா எப்போதும்போல வந்தார், தேநீர் போட்டார், செத்தவர்களுக்குத் தோள் கொடுத்தார்.

காலம் போனது. ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் தலைவரானார். முன்வாசல் மூடியிருந்தால் என்ன, பக்கவாசல் இல்லையா? தார்ப்பாய்க்காரர் 'புரவலர்' என்ற பட்டத்தோடு உள்ளே வந்துவிட்டார். அவர் கொடுத்த மனையில் கட்டடம் எழும்பியது. வெல்டரின் விதியைச் சலவைக்கல்லில் வெட்டிச் சுவரில் பதித்தார்கள். அதற்கு நேர் எதிரே புரவலரின் படம் மாட்டினார்கள்.

போருக்குப் பின் பிழைப்புக்குச் சேர்ந்த ஓட்டலின் அடுப்படிப் புகை நுரையீரலை அரித்து, ஒரு நாள் காலையில் அண்டா போய்ச் சேர்ந்தார். வெல்டர் காலை இழுத்துக்கொண்டு நேரே கட்டடத்துக்குப் போய்ப் பெட்டி தூக்க ஆள் கேட்டார். மேஜர் அவரை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நிரம்ப வருத்தப்பட்டார்.

"நல்ல மனுஷன்தான், நான் இல்லேன்னு சொல்லலை. ஆனா அவர் துப்பாக்கி பிடிச்சவர் இல்லையே, விதி இருக்கே. அதைக் கொண்டுவந்ததே நீங்கதானே?"

"இந்தாளைத் தடுக்கக் கொண்டுவந்தேன்" என்று வெல்டர் அங்கே உட்கார்ந்திருந்த புரவலரைக் கை காட்டினார்.

புரவலர் கோபப்படவில்லை. மின்விசிறிக்கு அடியில் சாய்ந்தபடியே, பழசையெல்லாம் எதற்குக் கிளறுவது, வண்டிக்கும் மாலைக்கும் நான் பொறுப்பு என்றார். வெல்டர் கேரம் பலகைப் பக்கம் திரும்பினார். டிரம்மில் உட்கார்ந்தவர்களில் தன்னைத் தவிர மிச்சமிருந்த ஒரே ஆள் அங்கே இருந்தார். அந்த ஆளின் மகனுக்குப் புரவலரின் கிடங்கில் வேலை. அவர் தலையைத் தூக்காமல் காயைச் சுண்டினார்.

அண்டாவின் வீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். வெல்டர் வாசல்படியிலேயே நின்றார்.

"அண்ணி, அந்த விதி போட்டப்ப அண்ணனை யாரும் நினைக்கலை. சத்தியமா நினைக்கலை."

"அது அவருக்குத் தெரியும் தம்பி. அன்னிக்கே வந்து சொன்னாரு. 'என்னை வெளிய தள்ளிட்டானுங்க, ஒருத்தனுக்கும் தெரியலை'ன்னு சிரிச்சாரு."

"தெரிஞ்சுமா கையைத் தூக்கினாரு?"

"நானும் அதையேதான் கேட்டேன். நான் தூக்கலேன்னா எனக்காக விதியை வளைப்பானுங்க, அந்தச் சந்துல தார்ப்பாய்க்காரன் நுழைஞ்சுடுவான்னாரு." அவள் புடவைத் தலைப்பால் பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். "ஒரு நாள் எவனாவது நினைச்சுப் பார்ப்பான்னு கடைசி வரைக்கும் இருந்தாரு. நீங்க பார்ப்பீங்கன்னுதான் சொல்லிட்டிருந்தாரு."

வெல்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஓட்டலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாவு பிசைபவர், பாத்திரம் தேய்ப்பவர், அடுப்புக்காரர்கள். மதிய வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. எந்தச் சங்கமும் அவர்களை அனுப்பவில்லை. பேச்சில்லாமல் நாலு பேர் நாலு மூலைக்குப் போனார்கள். வெல்டர் முன்மூலைக்கு வந்து பெட்டியைப் பிடித்தார்.

அங்கே நின்ற அடுப்புக்காரர் அவர் காலைப் பார்த்தார். "பெரியவரே, படி இறங்கணும். சாய்ஞ்சுடும். நீங்க பின்னால வாங்க."

அவர் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் வெல்டர் சண்டையாவது போட்டிருப்பார். கையை எடுத்துக்கொண்டு விலகி வழிவிட்டார். பெட்டி படியிறங்கித் தெருவில் வேகமெடுத்தது. எவ்வளவு எட்டி நடந்தும் அவரால் அதை எட்டிப் பிடிக்க முடியவில்லை; நிற்கச் சொல்லிக் கூப்பிடவும் வாய் வரவில்லை.