நல்ல நாளுக்கு வைத்திருந்த டி டிரைவ்

"டிஸ்கில் இடம் போதவில்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னபோது மணி மூன்று பத்து. பட்டணத்துக்குப் போகிற கடைசி பஸ் நாலரைக்கு. இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கிறதே, என்ன அவசரம் என்று கேட்பவர்கள் ராடோய்காவின் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. அது கிளம்புவதற்கே காபி குடித்து முடிக்கும் நேரம் எடுக்கும்.

டிசா ஆற்றங்கரையில் அந்த ஊருக்கு இருந்த ஒரே வீடியோக்காரி ராடோய்கா. ஐம்பத்தெட்டு வயது. ஊரில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்பாள். அன்று வெலிமிரின் மகள் யாஸ்னாவுக்குக் கல்யாணம். ஊரே தீயணைப்பு நிலைய ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அங்கே வரவே முடியாத ஒரே ஆள் வெலிமிர்தான், பெண்ணைப் பெற்ற அப்பன்!

கதை இதுதான். அந்த ஊரில் மாப்பிள்ளை சும்மா வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது. பெண்ணின் அப்பா வாசலில் உயரத்தில் ஒரு ஆப்பிளைக் கட்டுவார். மாப்பிள்ளை அதைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினால்தான் கதவு திறக்கும். மற்றவர்களெல்லாம் ஒரு கழி நட்டு அதன் முனையில் கட்டுவார்கள். வெலிமிர் அப்படிச் செய்வாரா? வியாழக்கிழமை வாசல் பாப்ளர் மரத்தில் ஏணி போட்டு ஏறினார். ஆப்பிள் மேலே நின்றது, மனிதர் கீழே வந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்து இப்போது பட்டணத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. முந்நூறு பேருக்குச் சொல்லியாயிற்று, ஆடுகளையும் உரித்தாயிற்று. கல்யாணத்தைத் தள்ளிப்போட வழியில்லை.

வெள்ளிக்கிழமை பார்க்கப்போன ராடோய்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த முரட்டு மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். "அழாத வெலிமிர். உன் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புறதை நாளைக்கே நீ படுத்த எடத்துலயே பாப்ப. நானாச்சு!" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கைப்பேசியில் படம் அனுப்புகிற காலம் அந்த ஊருக்கு வந்திருக்கவில்லை. டிஸ்கில் எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி வாசல் நிறுத்தத்தில் ஒரு நர்ஸ் அதை வாங்கிக்கொள்வாள். வார்டு டிவியில் போட்டுக் காட்டத் தன் வீட்டு டிவிடி பிளேயரையே கொண்டுவந்திருந்தாள் அந்தப் புண்ணியவதி. ஏழு மணிக்கு அவள் வேலை முடிந்து பிளேயரோடு வீட்டுக்குப் போய்விடுவாள்.

இப்போது இந்தச் சனியன் இடமில்லை என்கிறது.

"இலோங்கா!" என்று வேலிப்பக்கம் பார்த்துக் கத்தினாள். "அடியே இலோங்கா! ஓடி வாடி!"

பக்கத்து வீட்டு இலோங்கா ஹாலுக்குக் கொண்டுபோகக் கசகசா ரோல்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரை ஆலை ஆபீசில் இருபது வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவள். தட்டோடு அப்படியே வந்தாள்.

"என்னடி, வீடு பத்திக்கிச்சா?"

"அதைவிட மோசம். படத்தை டிஸ்க்ல எழுத மாட்டேங்குது."

இலோங்கா திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது டெஸ்க்டாப்பா, சந்தையா? கால் வைக்க எடமில்லையே! சி டிரைவ் முழுக்கச் செவப்பா கெடக்கு. மிச்சம் முந்நூறு எம்பி. உனக்கு அஞ்சு ஜிபி வேணும்."

"அதை எப்படியாவது பண்ணித் தா. என் தங்கமில்ல?"

"தங்கம், வைரம்லாம் அப்புறம். தள்ளி உக்காரு."

குப்பைத்தொட்டியைக் காலி செய்தாள், நானூறு எம்பி வந்தது. தற்காலிகக் கோப்புகள் என்று கம்ப்யூட்டர் வருஷக்கணக்கில் ஒளித்து வைத்திருந்த தூசியைத் துடைத்தாள், இன்னொரு அறுநூறு. பிறகு எதையோ பார்த்து விரலை நீட்டினாள்.

"இது என்னடி, டாங்கிச் சண்டை? ஒண்ணே கால் ஜிபி! நீ விளையாடறியா?"

"நானா? எனக்கு எங்க நேரம்? இது அந்த மனுஷன் வேலை. வரி பாக்குறேன், வரி பாக்குறேன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் இங்கயே உக்காந்திருந்தானே! எடுத்துக் கடாசு!"

அந்த மனுஷன், அதாவது அவள் கணவன் ஸ்லாவ்கோ, சரியாக அந்த நேரத்தில்தான் கோட்டும் டையுமாக ஹாலிலிருந்து வந்து நின்றான்.

"முடிஞ்சுதா? யாஸ்னா சாப்பாட்டைத் தொடவே மாட்டேங்குது, டிஸ்க் போச்சா, டிஸ்க் போச்சான்னு..." பேச்சு பாதியில் நின்றது. "ஐயோ! அதை ஏன் அழிக்கிறீங்க? பதினேழாவது கட்டத்துல இருந்தேனே!"

"வரி கட்டுற எடத்துல பதினேழு கட்டம் வேறயா?" என்றாள் ராடோய்கா. "போய்யா, போய் சைக்கிளுக்குக் காத்தடிச்சு வை."

ஸ்லாவ்கோ பம்பைத் தேடிப் போனான். எல்லாம் சேர்த்து இரண்டரை ஜிபிதான் தேறியது. மணி மூன்றரை.

"இனிமே கல்யாணங்கள்ல கை வைக்கணும்" என்றாள் இலோங்கா. "இதோ, பெட்டாரும் ஸ்லோபோதாவும். ரெண்டாயிரத்து மூணு. அதுங்க பிரிஞ்சே அஞ்சு வருஷமாச்சு. தூக்கிரலாமா?"

"மறுபடி சேந்துட்டா?"

"அவளுக்கு வேற கல்யாணமாகி ரெண்டு பிள்ளைடி!"

"தெரியும். அந்தக் கல்யாணம் ரெண்டு வரிசை தள்ளி இருக்கு. இலோங்கா, நீ என்ன சொன்னாலும் சரி, ஊராரோட கல்யாணத்தை நான் அழிக்க மாட்டேன். டிஸ்க்ல கீறல் விழுந்துச்சு, இன்னொண்ணு போட்டுத் தான்னு போன மாசங்கூட மூணு பேர் வந்து நின்னாங்க. அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

தலைகீழாக நின்றாலும் அவள் மசிய மாட்டாள் என்பது இலோங்காவுக்குத் தெரியும். பெருமூச்சு விட்டபடி மவுசை வேறெங்கோ கொண்டுபோய்ச் சொடுக்கினாள். அடுத்த நொடி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

"ராடோய்கா."

"என்ன?"

"இது என்ன?"

"அதுவா? அது டி."

"டின்னு எனக்கும் தெரியுதுடி! எரநூத்தம்பது ஜிபி! உள்ள என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. மாசம் ஒரு தடவை தொறந்து பாத்துட்டு மூடிருவேன். நல்ல நாளுக்குன்னு வெச்சிருக்கேன்."

இலோங்காவின் கண் தானாக நடைக்கு அந்தப்பக்கம் போயிற்று. அங்கே தெருவைப் பார்த்த முன்னறை இருந்தது. சோபாவுக்கு வெள்ளைத் துணி, விளக்குக்கு வெள்ளைத் துணி, மேஜையில் யாரும் தொடாத லேஸ் விரிப்பு. விருந்தாளிக்கென்று வைத்த அறை. ராடோய்காவும் ஸ்லாவ்கோவும் மகனும் வாழ்நாள் முழுக்கச் சமையலறையில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். சி டிரைவ் சமையலறை, டி டிரைவ் முன்னறை! கம்ப்யூட்டருக்கும் அதே வீட்டுச் சட்டம்தான்.

சிரித்திருக்கலாம். ஆனால் இலோங்காவுக்கும் வீட்டில் அப்படி ஒரு அறை இருந்தது.

"என் முன்ரூம்ல கடைசியா உக்காந்தது யாரு தெரியுமா?" என்றாள் மெதுவாக. "தொண்ணூத்தி ஒண்ணுல வந்த பாதிரியார். அவரும் அஞ்சு நிமிஷத்துல எந்திரிச்சுட்டாரு, குளிருதுன்னு."

ராடோய்காவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "இது மிலோராத் வியன்னாவுல வேலை பாத்து வாங்கிட்டு வந்தது. அவனே உக்காந்து மாட்டினான். அம்மா, இனிமே உனக்கு எடப் பஞ்சமே இல்லைன்னான். இதுல மொதல்ல ஏறுறது அவன் கல்யாணமா இருக்கணும்னு நெனச்சேன். அடுத்தவங்க சாமானைப் போட மனசு வரலைடி."

"அவனுக்கு முப்பத்தி நாலு. மொதல்ல ஒருத்தி சரின்னு சொல்லட்டும்."

"அவன்கிட்ட இதைச் சொல்லிராத."

"சொல்ல மாட்டேன். ஆனா நீ ஒண்ணு சொல்லு. நல்ல நாளுன்னா எப்படி இருக்கும்? கொம்பு மொளச்சு வருமா?"

ஹால் பக்கமிருந்து பேண்டு வாத்தியச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். ராடோய்கா அதைக் கேட்டாள். வெலிமிர் இருபத்தாறு வருஷம் காத்திருந்த நாள் இது. அவர் இப்போது கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். தன் மகனுக்கு என்றோ வரப்போகிற கல்யாணத்துக்காக, இன்று நடக்கிற கல்யாணத்தைப் பஸ் ஏற்றாமல் விட்டால் அவள் என்ன மனுஷி? அவளுக்கே அவள்மேல் கோபம் வந்தது.

"போடு" என்றாள். "எல்லாத்தையும் எடுத்து டியில போடு. ஊர்க் கல்யாணம் மொத்தமும் அங்க போய் உக்காரட்டும்!"

"மொத்தத்துக்கும் நேரமில்ல. பெரிய ஃபோல்டர் ரெண்டை மட்டும் தள்ளுறேன்."

திரையில் பச்சைக் கோடு ஓடத் தொடங்கியது. மீதி நாற்பத்தேழு நிமிஷம் என்றது. பிறகு பன்னிரண்டு என்றது. பிறகு ஒரு மணி நேரம் என்று சொல்லி இருவர் உயிரையும் வாங்கியது. மூன்று ஐம்பத்தெட்டுக்குத் தள்ளி முடித்தது. டிஸ்க் எழுதும் வேலை ஆரம்பித்தது. இலோங்கா தானறியாமல் நாலு கசகசா ரோல்களைத் தின்றுவிட்டாள். ராடோய்கா கேமராவில் பதிந்தது பதிந்தபடி, ஒரு நொடிகூட வெட்டாமல் ஒட்டாமல், தானே ஒரு முறைகூடப் பார்க்காமல் அனுப்புகிறாள். நாலு இருபத்து மூன்றுக்கு டிஸ்க் வெளியே வந்தது.

"ஸ்லாவ்கோ! சைக்கிள்!"

அவன் கொடுப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். பட்டுப் பாவாடையை இடுப்பில் சொருகி, டிஸ்கை ரவிக்கைக்குள் வைத்து, மிதித்தாள் பாருங்கள்! கோழிகளெல்லாம் சிதறி ஓடின. நிறுத்தத்துக்கு அவள் வந்தபோது பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. சைக்கிளை அதன் மூக்குக்கு நேரே குறுக்கே போட்டு நின்றாள்.

"ஏம்மா, சாகணுமா?" என்று டிரைவர் கத்தினார்.

"உன் கடியாரம் ரெண்டு நிமிஷம் முந்திப் போகுது! இந்தா, ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நர்ஸ் நிப்பா. அவ கையில குடு. வேற யாருகிட்டயாவது குடுத்த, உன் பேத்தி கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்!"

டிரைவர் டிஸ்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

ஏழரை மணிக்கு யாஸ்னாவின் கைப்பேசி அடித்தது. அவள் எழுந்து கையை உயர்த்தியதும் பேண்டு நின்றது. ராடோய்கா பெண்ணின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் முதலில் யாரோ நிறையப் பேர் பேசுகிற இரைச்சல், பிறகு வெலிமிரின் கரகரத்த குரல்.

"யாஸ்னா, பாத்துட்டேன்டா. ஆப்பிளைப் பாத்தேன். உன் ஆளு மூணாவது குண்டுலதான் அடிச்சான், பரவால்ல. இங்க பன்னெண்டு பேரும் கட்டுக் காலோட கை தட்டுனோம்."

ஹால் அதிரச் சிரித்தது. பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது.

"நீ வாசல்ல திரும்பிப் பாத்தியே."

யாஸ்னாவின் முகம் சிவந்துவிட்டது. பிறந்த வீட்டு வாசலைத் தாண்டிய பெண் திரும்பிப் பார்க்கக் கூடாது; அங்கே எல்லாருக்கும் தெரிந்த விதி அது. ஊர்வலம் பேண்டோடு முன்னால் ஆடிப் போயிருந்ததால் யாரும் பார்த்திருக்கவில்லை. பின்னால் முற்றத்தில் ஸ்டாண்டில் தனியாக ஓடிக்கொண்டிருந்த கேமரா மட்டும் பார்த்திருந்தது.

"நீ எப்பவும் நிக்கிற எடத்தைப் பாத்தேம்பா" என்றாள் அவள். அழுதுகொண்டே சிரித்தாள். "தப்பா?"

"தப்புதான்" என்றார் வெலிமிர். "அந்த எடத்துலயே படத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். ஒரு மணி நேரமா அப்படியே நிக்குற நீ. ஏழு மணிக்கு நர்ஸம்மா வீட்டுக்குப் போகணுமாம், போகமாட்டேங்குறாங்க."