புகைவீட்டில் இருந்தவள்

“பெட்டியில யாருங்க?” என்று ஜீவராணி கேட்டாள்.

“ஒரு பொம்பள. வெண்கலத்துல செஞ்சது,” என்றான் ஐயாவு. “கொழும்பு மியூசியத்துச் சாமான். சண்டை முடியிற வரைக்கும் நாமதான் பாத்துக்கணுமாம்.”

“கல்யாணம் ஆகி மூணு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள இன்னொருத்தியா?”

அன்று இருவரும் சிரித்தார்கள். ஆறாவது மாதம் வெண்கலப் பெண்ணுக்குத் தலைமயிர் முளைத்தது.

தப்பு ஐயாவுடையதுதான். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டு, ருவான்வெல்லைக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துப் புகைவீட்டில் சிலையை இறக்கிய அதிகாரி, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார், அவ்வளவுதான். ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்துகிற ஐயாவுக்கு ஈரத்துக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். அவளையும் ஷீட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, ரப்பர் விறகு எரித்து, தினமும் ஒரு பக்கமாகத் திருப்பி வைத்தான். அந்த இளஞ்சூட்டில் முளைத்த மயிர் வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்தது. சிக்கு விழாதிருக்க, வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தேய்த்து வாரிவிட்டான். தோட்டத்துரை வந்து பார்த்தார். நெருப்புப் படாமல் பின்னிப்போடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜீவராணி விடியலில் ரப்பர் மரங்களில் பால்வெட்டப் போய்வந்து, தன் தலையைத் தானே அள்ளி முடிந்துகொண்டாள். பிள்ளைகள் இரண்டு பிறந்தன. மலைச்சரிவில் புகைவீட்டுப் புகை எழுவதைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

“உங்க சீமாட்டி சாப்பிட்டாளா?” என்பாள்.

“அவ எங்க சாப்பிடுறா,” என்று அவன் உண்மையாகவே பதில் சொல்வான்.

ஒருநாள் கத்தரிக்கோலோடு போய் வெட்டிவிட்டு வந்தாள். மறுநாள் இன்னும் அடர்த்தியாக வளர்ந்திருந்தது. மனதில் கிடந்ததை மட்டும் அவள் கேட்கவில்லை. வெண்கலத்தோடு போட்டியா என்று லயத்து வீடுகளெல்லாம் சிரிக்கும்.

சண்டை முடிந்த மறுவருடம் லொறி வந்து சிலையை ஏற்றிப்போனது. அன்று ஜீவராணி பாயாசம் வைத்தாள். மூன்றே மாதத்தில் மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கூந்தல் சிக்காகிறது, வேறு யார் வாரினாலும் சீப்பின் பல் உடைகிறது, ஐயாவு அவர்கள் மாதம் ஒருமுறை வரவும். அவனும் போனான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆனது, அவன் தலை நரைத்தது, ஒரு மாதமும் தவறவில்லை.

போன ஞாயிறு எண்ணெய்ப் போத்தலைப் பையில் வைத்துக் கிளம்பியவனை, ஜீவராணி வாசலை மறித்து நின்று பார்த்தாள். கொண்டையை அவிழ்த்தாள். பாதி நரைத்த மயிர் தோளில் விழுந்தது.

“பஸ் போயிரும், ஜீவா.”

“போகட்டுங்க. அவ காத்துக்கிட்டு இருக்கட்டும். இருபத்தொன்பது வருசமா வாய் தொறக்காம இருந்தேன். எனக்கும் ஒருக்கா தலை வாரிவிடுங்க.”